கர்ணம் முதல் கிராம நிருவாக அலுவலர் வரை

ஒசூரைச் சுற்றி இன்று ஆலைகள் எழுந்துள்ள பரப்பில் பெரும்பகுதி, முன்னர்க் கேழ்வரகும் அவரையும் விளைந்த புன்செய். ஆலை வருவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே அந்நிலத்தின் எல்லையும் உரிமையும் விளைச்சலும் ஊர்க்கணக்கில் எழுதப்பட்டிருந்தன. அக்கணக்கை எழுதும் பதவி யாருக்குரியது என்பது பல தலைமுறைகள் நீடித்த வழக்கு.

கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு மாறியது. அங்கு அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, இடைத்தரகரின்றி உழவரிடமே வரி பெறும் முறைக்கு வழிவகுத்தனர். இரயத்துவாரி எனப்பட்ட அம்முறைக்கு ஒவ்வோர் ஊரிலும் நம்பத்தக்க கணக்கு தேவைப்பட்டது. அதை எழுதியவர் கர்ணம். வரி தண்டியவர் மணியக்காரர். இப்பதவிகள் தந்தைக்குப் பின் மகனுக்கு என வழிவழியாகச் சென்றன. 1895ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் இவ்வுரிமைக்கு எழுத்து வடிவமும் அளித்தது. எழுத்தறியாத உழவருக்குத் தம் நிலத்தைப் பற்றி ஏட்டில் என்ன எழுதப்பட்டது என்று சரிபார்க்க வழியில்லை. கர்ணத்தின் செல்வாக்கு பெரும்பாலும் இதிலிருந்தே பிறந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசுப் பணியில் சமயம், சாதி, பால் ஆகியவற்றோடு மரபுவழியின் அடிப்படையிலும் வேறுபாடு காட்டலாகாது என்கிறது. மரபுவழி என்னும் அந்த ஒரு சொல்லே ஊர்ப்பதவிகளின் அடித்தளத்தை அசைத்தது. ஆந்திரத்து ஊர் ஒன்றின் முன்சீப் பதவி தொடர்பான வழக்கில், குடும்ப வாரிசுக்கு முன்னுரிமை அளித்த 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி செல்லாது என 1960இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் பரம்பரை ஊர்ப்பதவிகள் 1963இலேயே ஒழிந்தன. தமிழ்நாட்டிலோ பகுதிநேர ஊர் அலுவலர் முறை மேலும் பதினேழு ஆண்டுகள் நீடித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு அவசரச் சட்டத்தின் வாயிலாக அப்பதவிகளை நீக்கியது. அதை எதிர்த்த வழக்கில் 1982இல் உச்சநீதிமன்றம் அரசின் முடிவை ஏற்றது. நீக்கப்பட்டோரில் நேர்மையாக உழைத்தோரும் இருந்தனர் என்பதை மறத்தல் முறையன்று.

அவ்விடத்தில் தோன்றிய பதவியே கிராம நிருவாக அலுவலர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதற்குத் தேர்வு நடத்துகிறது. 2018 முதல் இது நான்காம் தொகுதித் தேர்வோடு இணைக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்று, 21 வயது நிறைந்தோர் இப்பதவிக்கு விண்ணப்பிக்கலாம். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். நேர்முகத் தேர்வு இல்லை. பாதி வினாக்கள் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவை. அப்பகுதியில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு பெறாதவரின் மறுபகுதி விடைகள் மதிப்பிடப்படுவதில்லை.

தளி, பாகலூர், வேப்பனப்பள்ளி போன்ற பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர் பலர். அவர்களுக்கு இந்தத் தமிழ்ப் பகுதி கூடுதல் உழைப்பைக் கோருவது உண்மை. ஆயினும் பட்டா, சிட்டா, அடங்கல் அனைத்தும் தமிழில் எழுதப்படுபவை. ஒரு சொல் பிழைபட்டால் ஓர் உழவரின் உரிமை பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் அலைய நேரும். ஆலைகளால் நிலத்தின் விலை உயர்ந்த இம்மாவட்டத்தில் அப்பிழையின் சுமை இன்னும் மிகுதி. மறுபுறம், திருநெல்வேலியிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ இங்குப் பணியமர்த்தப்படுபவர் உழவரின் பேச்சைப் புரிந்துகொள்ளத் தெலுங்கோ கன்னடமோ பழகியாக வேண்டும். இதனைத் தேர்வு சோதிப்பதில்லை, ஊரே கற்றுக்கொடுக்கிறது.

பணி மேசையோடு முடிவதன்று. விளைநிலத்தை நேரில் பார்த்துப் பயிரை அடங்கலில் பதிய வேண்டும். புறம்போக்கில் ஆக்கிரமிப்பு நேராமல் காக்க வேண்டும். பிறப்பு இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். தீயோ வெள்ளமோ நேர்ந்தால் வட்டாட்சியருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் வருவாய்த் தீர்வாயமாகிய ஜமாபந்தியில் மேலதிகாரிகள் இக்கணக்குகளைத் தணிக்கை செய்வர். அந்நாளில் மனுவோடு வரும் உழவர், தம் நிலத்தைப் பற்றி ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம். அலுவலர் விடை கூறியாக வேண்டும். ஜூலை முதல் நாள் புதிய பசலி ஆண்டு தொடங்க, அடங்கலில் அடுத்த ஆண்டின் கணக்கு எழுதப்படும்.