முன்பழுக்கும் தக்காளியும் நம் வீட்டுக் கொல்லையும்

குடும்பச் செலவுக் கணக்கு எழுதும் நம் சகோதரிகள் அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மாத முதல் தேதியிலேயே தொகை ஒதுக்கிவிடுகின்றனர். தக்காளிக்கு மட்டும் அவ்வாறு ஒதுக்க இயலுவதில்லை. ஒரு மாதம் கேட்பாரற்றுக் கிடக்கும் பண்டம், மறு மாதம் எட்டாக்கனியாகிவிடுகிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் அதன் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழகக் கூட்டுறவுத் துறையே முன்வந்து, பண்ணை பசுமைக் கடைகளிலும் நியாய விலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நமது சங்கங்களில் உழவரும் உளர், நெசவாளரும் உளர். விலை வீழ்ந்தால் உழவர் கலங்குகிறார். விலை ஏறினால் கூலியை நம்பி வாழும் நெசவாளர் குழம்பில் புளியைக் கூட்டித் தக்காளியைக் குறைத்துக்கொள்கிறார். சந்தையின் இந்த ஏற்றத்தாழ்வை நம் கொல்லைப்புறம் மாற்றிவிடாது. ஆயினும் நம் அடுப்பங்கரையை ஒரு பருவத்துக்கேனும் அதனின்று காக்க இயலும். அதற்குத் தேவையானவை 50 சதுர அடி நிலமும், 20 செடிகளும், காலம் அறிந்து செய்யும் முயற்சியுமேயாம்.

காலம் என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தக்காளி நம் நாட்டுப் பயிரன்று. தென்னமெரிக்க மலைச்சாரல்களில் தோன்றி, மெக்ஸிகோவில் பயிராகி, ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தது. நம் முன்னோர் அறிந்த மணத்தக்காளி வேறு. இதனைச் 'சீமைத் தக்காளி' என்றே பெரியோர் வழங்கினர். குளிர்ந்த இரவை விரும்பும் இச்செடி, பகல் வெப்பம் 35 டிகிரியைக் கடந்து, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காதிருக்குமானால், பூத்தும் காய்க்காது. மகரந்தம் வலுவிழப்பதால் பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன. "செடி தழைத்தது, பூவும் பூத்தது, காய்தான் இல்லை" என்று பங்குனியில் வருந்துவோர் பலர். உரக் குறைவென்று எண்ணி மேலும் உரமிடுவதனால் பயனில்லை. குறை உரத்தில் அன்று, பருவத்தில் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பருவத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. மாசி முடியுமுன்பே வெயில் ஏறத் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, மார்கழி, தை மாதங்களில்தான் இரவு வெப்பம் 20, 21 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. தக்காளிக்கு உகந்த இந்தச் சிறு இடைவெளிக்குள் செடி பூத்துக் காய்த்தாக வேண்டும். எனவே, நம் பகுதிக்கு நீண்ட நாள் நிற்கும் செடியைவிட, விரைந்து பழுக்கும் ரகமே ஏற்றது.

இத்தகைய ரகங்கள் நம் ஆராய்ச்சி நிலையங்களிலேயே உருவானவை. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அளித்த 'பூசா எர்லி டுவார்ஃப்' என்னும் குட்டை ரகம், நாற்று நட்ட 55 முதல் 60 நாட்களில் முதற்பழம் தரவல்லது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 ரகத்தினின்று உருவாக்கிய கோ 3, 'மருதம்' என்னும் பெயருடையது. அடக்கமாக வளர்ந்து, 100 முதல் 105 நாட்களில் தன் வாழ்நாளை முடித்துக்கொள்வது. அண்ணஞ்சி என்னும் உள்ளூர் ரகத்தினின்று பெறப்பட்ட பெரியகுளம் 1, தொலைவுக்கு அனுப்பினும் கெடாத நல்ல ரகமே. ஆனால் அதற்கு 135 நாட்கள் வேண்டும். சந்தைக்குப் பயிரிடுவோர் அதனை விரும்புவது இயல்பு. அடுப்புக்கும் கொல்லைக்கும் பத்தடி தூரமே உள்ள வீட்டுக்கு, லாரிப் பயணத்தைத் தாங்கும் தோல் எதற்கு? எந்த விதை எவ்விடத்தில் கிடைக்கும் என்பதை வம்பனிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ விசாரித்து அறிதல் நலம்.

கார்த்திகை முதல் வாரத்தில் விதைக்க வேண்டும். அது அடைமழைக் காலம். பாவு நீட்டவும் கஞ்சியிட்டு உலர்த்தவும் வழியின்றி, குழித்தறியில் ஈரம் ஏறி, நெசவாளர் கை ஓய்ந்திருக்கும் நாட்கள் அவை. அந்த ஓய்வைச் சிறு நாற்றங்காலுக்குச் செலவிடலாம். தரையினின்று அரை அடி உயர்ந்த மேட்டுப்பாத்தியில் மக்கிய தொழு உரமும் மணலும் கலந்து, விரற்கடை இடைவெளியில் கோடு கிழித்து, விதையை மெல்லிய மண்ணால் மூட வேண்டும். மழை நேரே விழாதபடி மேலே பந்தலிட வேண்டும்.

நாற்றங்காலைச் சுற்றிலும் நைலான் வலையிடுதல் மிக இன்றியமையாதது. இலைச்சுருட்டு நோயை ஒரு செடியினின்று மறு செடிக்குக் கொண்டுசெல்வது வெள்ளை ஈ. நோய் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதனைப் பிடுங்கி அகற்றுவது ஒன்றே வழி. அங்குலத்துக்கு 40 கண் உடைய வலை அந்த ஈயைப் பெரிதும் தடுக்கும். இழையை எண்ணிப் பழகிய நெசவாளருக்கு வலையின் நெருக்கத்தைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நாற்று 25 நாட்களில் நடுவதற்கு ஆயத்தமாகும். முந்திய பருவத்தில் கத்தரியோ மிளகாயோ நின்ற இடத்தை விலக்குக. அவை தக்காளியின் சுற்றத்தவை, அவற்றின் நோய்கள் இதற்கும் பொது. நம் செம்மண்ணும் சரளையும் நீரை விரைவில் விட்டுவிடுபவை. ஆகவே குழிக்கு இரண்டு கைப்பிடி தொழு உரமும், கிடைக்குமாயின் சிறிது வண்டலும் இடுக. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி போதும். மாலை வேளையில் நட்டு, வைக்கோலால் மண்ணை மூடிவிட வேண்டும்.

நீர் பாய்ச்சுவதில் அளவைவிட ஒழுங்கே பெரிது. நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குளம்போல் தேக்கினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பாகம் கறுத்துக் குழியும். இக்கருமை பூச்சியால் வருவதன்று. நீர் சீராக இல்லாமையால் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சென்று சேராத குறையாகும். காய்ப்புழுவுக்குப் பாத்தி ஓரத்தில் துலுக்கச் சாமந்தி நடலாம். தாய் அந்துப்பூச்சி அதனை நாடி முட்டையிடும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

இவ்வாறு செய்யின் தைப் பொங்கலை ஒட்டிப் பூத்து, மாசியில் பழம் பறிக்கலாம். வெயில் ஏறியபின் செடியிலேயே விட்டுவைத்தால் பழம் சிவக்காமல் மஞ்சளித்து நிற்கும். 30 டிகிரிக்கு மேல் செந்நிறம் நன்கு உண்டாவதில்லை. எனவே, நிறம் திரும்பியவுடன் பறித்து வீட்டினுள் நிழலில் பழுக்கவைப்பதே முறை. செடிக்கு ஒரு கிலோ என்று குறைவாகவே கொண்டாலும் 20 செடிக்கு 20 கிலோ ஆயிற்று. நாள் ஒன்றுக்கு அரைக் கிலோ செலவிடும் குடும்பத்துக்கு இது 40 நாளைய தேவை.

குறையையும் மறைத்தல் ஆகாது. இவ்வகைச் செடிகள் குறுகிய காலத்தில் காய்த்து ஓய்ந்துவிடும். ஆண்டு முழுவதும் பழம் தாரா. இயற்கையும் எப்போதும் துணை நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வீசிய கஜா புயல் நம் மாவட்டத்தில் தென்னைகளையே வேரோடு சாய்த்தது. அந்நாளில் நாற்றங்கால் எம்மாத்திரம்! ஆதலால் விதை முழுவதையும் ஒரே நாளில் தெளித்துவிடாமல், பாதியை விதைத்து, மறு பாதியைப் பத்து நாள் கழித்து விதைப்பது விவேகம்.

இதில் சங்கம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ 300 விதைகள் உள்ளன. நூறு குடும்பங்களுக்கு வேண்டிய 2,000 நாற்றுக்கு 10 கிராம் விதையே போதுமானது. நூறு பேர் நூறு பொட்டலம் வாங்கி, பாதியைப் பாழாக்குவதற்குப் பதில், நாற்றுவிடும் கைத்திறன் பெற்ற உழவர் அங்கத்தினர் ஒருவர் தம் கொல்லையில் வளர்த்து, அடக்க விலைக்குப் பகிர்ந்தளிக்கலாம். வலைக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவைப் பொதுவில் ஏற்கலாம். வீரிய ஒட்டு ரகமாக இல்லாதவிடத்து, நோயற்ற செடியின் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றுடன் ஒரு நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்தினால், அடுத்த ஆண்டு விதையும் நம்முடையதாகும். ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல் வாராது என்பதை நினைவிற் கொள்க.

கூட்டுறவு என்றால் கடனும் தவணையும் மட்டுமே என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். உழவர் வளர்த்த நாற்று நெசவாளர் வீட்டுக் கொல்லையில் காய்த்து, அவர் குழந்தைகளின் இலையில் பழமாக விழும் நாளில், அவ்வெண்ணம் தானே மாறும். வரும் கார்த்திகையில் ஒவ்வொரு சங்கமும் ஒரு நாற்றங்காலையேனும் தொடங்கும் என்று நம்புகிறோம்.