பெயின்டுக்கு அடியில் ஒரு விரிசல்

நண்பர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் 1998 மாடல் ஜிப்ஸி ஒன்றை வாங்கினார். நான்கு அங்குலம் தூக்கிய வண்டி, அகல டயர், முன்னால் வின்ச். வாங்கிய மூன்றாம் மாதம், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பட்டறைக்காரர் ஸ்டீயரிங் பாக்ஸை ஒட்டியிருந்த கறுப்பு அண்டர்கோட்டிங்கைச் சுரண்டினார். போல்ட் துளையிலிருந்து மூன்று அங்குலத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அதைவிட மோசமான சங்கதி, அது புது விரிசல் அல்ல. முன்பே யாரோ அதன்மேல் ஒரு கோடு வெல்டிங் இழுத்து, பட்டி தடவி, கறுப்பு அடித்து மூடியிருக்கிறார்கள். வெல்டிங்கோடு சேர்ந்து மறுபடி பிளந்திருக்கிறது.

சேஸில் விரிசல் விழுவது குற்றமல்ல. இருபத்தைந்து வருட ஜீப்பில் அது விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் மூடி மறைத்த விரிசல் உயிரையும் எடுக்கும், வழக்கையும் தோற்கடிக்கும்.

பழைய மஹிந்திரா ஜீப்பும் ஜிப்ஸியும் ஏணி போன்ற சேஸ் மேல் நிற்பவை. இரண்டு நீளச் சட்டங்கள், குறுக்கே கிராஸ் மெம்பர்கள். பாரமெல்லாம் பட்டை ஸ்பிரிங் மாட்டிய சில இடங்கள் வழியாகத்தான் சட்டத்துக்குள் இறங்கும். நீளமான ஷேக்கிள், உயரப் பட்டை, இடைக்கட்டை என்று எதை வைத்துத் தூக்கினாலும் அந்த இடங்களில் நெம்புகோல் நீள்கிறது. பெரிய டயர் கனமும் கூடியது, பிடியும் கூடியது. அது கல்லிடுக்கில் சிக்கி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பாக்ஸ் தன் சட்டத்தையே பிடித்து முறுக்குகிறது. ஷேக்கிள் மாட்டும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட், ஷாக் அப்சார்பர் மேல்பிடி, பழைய வெல்டிங் முடியும் முனை: விரிசலைத் தேடுகிறவர் முதலில் சுரண்ட வேண்டியது இவற்றைத்தான்.

துரு வேறு கதை. ஓடைத் தண்ணீரிலும் கடற்கரை மணலிலும் இறங்கிய வண்டியின் சட்டத்துக்குள் சேறு போய் உட்கார்ந்துவிடும். ஈரம் காயாது, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்னும், அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் பேச்சே இல்லை, அந்தத் துண்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்தத் துருவுக்காகத் தயாரிப்பாளரே பணம் கொடுத்த தேசமும் உண்டு. அமெரிக்காவில் டொயோட்டா டகோமா பிக்கப்புகளின் சேஸ் அரித்துப்போன விவகாரத்தில், 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளுக்கு 2008-ல் உத்தரவாதத்தை 15 வருடமாக நீட்டினார்கள். தேறாதவற்றைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பிந்தைய மாடல்களுக்கு 2016-ல் வந்த சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை. நம் ஊரில் குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம், 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவாக வந்தது. ஆனால் விதிகள் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளோடு நின்றுவிடுகின்றன. இருபது வயது ஜீப்புக்கு அந்தக் கதவு இல்லை.

பழைய வண்டி வாங்கியவருக்கு அப்படியானால் என்ன வழி? இங்கே நண்பருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விற்றவர் ஒரு தனிநபர், வண்டி வியாபாரி அல்ல. அவர்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு காத்திருந்தது. ஏமாற்றி விற்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்கிற அதே பிரிவு, வெறுமனே சொல்லாமல் மறைத்த விஷயமாக இருந்து, வாங்குகிறவர் சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் முடியாது என்றும் சொல்கிறது. "வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தீர்களா சார்?" என்று வக்கீல் கேட்டார். நண்பர் பார்த்தது டயரையும் வின்ச்சையும். நூறு ரூபாய்க்கு ஒரு பட்டறையில் ஜாக்கி போட்டுக் காட்டியிருந்தால் போதும். விற்பவரிடம் "சேஸில் வெல்டிங், விபத்துப் பழுது எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால், மௌனம் பொய்யாக மாறியிருக்கும். அதற்கு வழக்கில் வேறு மதிப்பு.

பழுதைச் சரியாகச் செய்வது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பட்டறையில் எதைக் கேட்பது என்றே பலருக்குத் தெரிவதில்லை. முதலில் சேஸ் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சேஸின் நான்கு புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, குறுக்காக இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தாமல் ஒட்டினால் கோணலை நிரந்தரமாக்கியதுதான் மிச்சம். அடுத்து விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் அது மயிரிழையாகப் போயிருக்கும். சிவப்பு மையைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வரும். அந்த முனையில் சின்னத் துளை போட்டால்தான் மேலும் ஓடாது.

பிறகு கிரைண்டரால் விரிசலை 'வி' வடிவில் திறந்து, அடிவரை உருகிச் சேரும்படி வெல்டிங். மேலோட்டமாக இழுத்த கோடு என்ன ஆகும் என்பதை நண்பரின் வண்டியே காட்டிவிட்டது. மேலே வைக்கும் தகடு சட்டத்தின் கனத்தைவிடத் தடிமனாக இருக்கக்கூடாது. தடித்த தகடு போட்டால் விரிசல் தகட்டின் ஓரத்துக்கு இடம் மாறும். தகட்டின் இரு முனைகளும் சரிவாகக் கூம்பியிருக்க வேண்டும். சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு வெல்டிங் கோடு போட்டால், அடுத்த முறை அந்தக் கோட்டிலேயே முறியும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில்தான் விசை அதிகம், அங்கே துளையோ வெல்டிங்கோ வேண்டாம். வெல்டிங் சூட்டில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தடுத்துவிடுங்கள், இரும்பு நொறுங்கும் தன்மைக்குப் போகும். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைக்காமல், பேட்டரி இணைப்பை எடுக்காமல் தொடங்குகிற பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி ஓட்டி வருவது நல்லது.

இவ்வளவும் செய்து, நான்கு அங்குல லிஃப்ட்டை அப்படியே விட்டால்? காரணம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, காரியம் திரும்ப வரும். சட்டப்படியும் லிஃப்ட்டைக் கழற்றுவதுதான் சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதைத்தான் 'மாற்றம்' என்கிறது. விரிசலை ஒட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. உயரத்தை மாற்றுவது வேறு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182-ஏ(4) பிரிவின்படி, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முதல்நாள் ஒரிஜினல் பட்டையை மாட்டி, மறுநாள் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டரை ஏமாற்றலாம். ஸ்டீயரிங் பாக்ஸை எப்படி ஏமாற்றுவது?

சேஸ் நம்பர் விஷயத்தில் விளையாடவே கூடாது. சட்டம் முழுக்க அரித்த வண்டிக்கு, வேறு ஜீப்பின் சேஸை வாங்கி, பழைய நம்பர் உள்ள துண்டை வெட்டி அதில் ஒட்டித் தருவதாகச் சில பட்டறைகள் சொல்லும். திருட்டு வண்டியை மாற்றுகிறவர்கள் செய்வதும் இதேதான். பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது நம்பரைச் சுற்றி வெல்டிங் தெரிந்தால் வண்டி காவல் நிலையத்துக்குப் போகும், உங்கள் நல்ல எண்ணத்தை அங்கே நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சேஸ் மாற்றியே தீரவேண்டும் என்றால் இரும்பில் கை வைப்பதற்கு முன் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அனுமதியோடு செய்த மாற்றத்தையும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பட்டறைக்காரர் சொதப்பினால், அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த கூலி ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் பேசிப் பார்க்கலாம். பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. "பில் போட்டா ஜி.எஸ்.டி. வரும் அண்ணே" என்று இழுப்பார்கள். வரட்டும். பில்லில் 'வெல்டிங் வேலை' என்று மட்டும் எழுதவிடாமல், எந்தப் பக்கச் சட்டம், எந்த இடம், என்ன தகடு என்று எழுதச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. வேலையில் தகராறு என்றால், ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவந்து, பிறகு வழக்காடுவதே லாபம்.

காப்பீட்டில் தேய்மானமும் துருவும் கிடைக்காது. கல்லில் மோதிச் சட்டம் வளைந்தால் அது விபத்து, கேட்கலாம். ஆனால் சர்வேயர் பார்க்கும் முன் பிரித்துவிடாதீர்கள். தனியார் கார் பாலிசிகளில் பந்தயத்தோடு, வண்டியின் தாங்குதிறனைச் சோதிக்கும் ஓட்டங்களையும் விலக்கி வைத்திருப்பார்கள். ஆஃப்-ரோடு போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பவர்கள் அந்தப் பத்தியை ஒருமுறை படிக்கவேண்டும். லிஃப்ட்டைச் சொல்லாமல் மறைத்திருந்தால் நிறுவனம் அதையே காரணம் காட்டும். நிராகரிப்பு நியாயமற்றது என்று பட்டால், முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நண்பர் பணத்தைத் திரும்ப வாங்கவில்லை. சட்டத்தை ஒழுங்காக ஒட்டி, லிஃப்ட்டைக் கழற்றி, பழைய அளவு டயருக்கு வந்துவிட்டார். தகடு வைத்த இடத்தில் மட்டும் கறுப்பு அடிக்க விடவில்லை. சாம்பல் நிற பிரைமர் அப்படியே நிற்கிறது, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்.