தானாகத்தானே போனாள்?

எங்கள் தெருவில் பூ விற்ற பெண், மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், எட்டே மாதத்தில் வெறுங்கையோடு திரும்பினாள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, விடிகாலையிலிருந்து நள்ளிரவு வரை வேலையாம். சம்பளம் இரண்டு மாதம் தான் தந்தனராம்.

குழாயடியில், 'யாரு போகச் சொன்னா? பணத்தாசை! அங்கே என்னென்ன நடந்துச்சோ...' என்று ஒரே பேச்சு. நானும் தலையாட்டியவள் தான்; இப்போது கூசுகிறது.

அனுப்பிய ஏஜன்ட்டை ஒருவரும் திட்டவில்லை. கோவில் திருவிழாவுக்கு நன்கொடை தரும், 'அண்ணன்' ஆயிற்றே!

பத்தாவது தேறாத பெண், வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக, 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அரசு விதி. இவளுக்கு, 26. சுற்றுலா விசாவில் ஏற்றி விட்டிருக்கிறார், அந்த மனிதர்.

ஏமாற்றி, சுரண்டலுக்கு அனுப்பினால், அவளே சம்மதித்துப் போயிருந்தாலும் ஆள் கடத்தல் தான் என, 2013ல் சட்டத்தைத் திருத்தியபோதே எழுதி விட்டனர். 2024ல் வந்த புதுச் சட்டத்திலும் அதே தான். நம் தெருவுக்குத் தான் இன்னும் வந்து சேரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன்.

'அவகிட்டயா வாங்கினே?' என்றார், எதிர்வீட்டு மாமி.

'ஏன் மாமி, வாங்கினா என்ன?' என்றேன், பதிலில்லை.

— ஒரு வாசகி, விருத்தாசலம்.