கலேவெல வெங்காயமும் எப்பாவலப் பாறையும்: இதெல்லாம் தெரியுமா?

கலேவெலையிலிருந்து வடக்கே நேர்கோட்டில் அளந்தால் 50 கிலோமீட்டர்கூட வராது. அங்கே எப்பாவலயில் நிலத்துக்குள் 6 கோடி தொன் பொஸ்பேட் பாறை கிடக்கிறது, தெரியுமா? 1971ஆம் ஆண்டு புவிச்சரிதவியல் திணைக்களத்தார் கண்டுபிடித்த புதையல் அது. அதில் உறுதியாக இருப்பதென்று சொல்லப்பட்டது 2.5 கோடி தொன், மீதி 3.5 கோடி தொன் மதிப்பீடு. பயிருக்கு வேரூன்றும் பலத்தைத் தருகிற பொஸ்பரஸ் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், கலேவெல வெங்காய விவசாயி அடிக்கட்டுப் பசளையாகப் போடும் டீ.எஸ்.பி. என்ற பொஸ்பேட் பசளை கப்பலேறி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது!

ஏன்? முதல் காரணம் இரசாயனம். கேளுங்கள்.

எப்பாவலயில் இருப்பது அப்பற்றைட் என்ற கனிமம். கல்சியமும் பொஸ்பேட்டும் இறுகப் பிணைந்த உப்பு. கூடவே கொஞ்சம் புளோரினும் குளோரினும். உப்பு என்றதும் தண்ணீரில் கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நெடுங்காலமாகப் பெய்த மழை, தாய்ப்பாறையில் இருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு போய்விட்டது. அப்பற்றைட்டை மட்டும் அசைக்க முடியவில்லை. அதனால்தான் அது அங்கே குவிந்து கிடக்கிறது! மழைக்கே கரையாத ஒன்று மூன்று, நான்கு மாதத்தில் விளைந்து முடிகிற வெங்காயத்துக்காகவா கரையப்போகிறது?

ஆனால் அமிலம் பட்டால் கதை வேறு. அமிலம் அந்தப் பிணைப்பைத் தளர்த்திப் பொஸ்பேட்டை வெளியே விடும். மலைநாட்டுத் தேயிலை மண் புளிப்பு மண். அங்கே தூளாக்கிய எப்பாவலப் பாறையைப் போட்டால் மெல்ல மெல்லக் கரையும். தேயிலைச் செடியும் பல பத்து ஆண்டு நிற்கிற செடி, அதற்கு அவசரமில்லை. இறப்பரும் தென்னையும் அப்படித்தான். கலேவெலப் பக்கத்து உலர்வலயச் செம்மண்ணிலோ அவ்வளவு புளிப்புக் கிடையாது. போட்ட தூள் தூளாகவே கிடக்கும். ஆக, பக்கத்து ஊர்ப் பாறை லொறியேறி மலைக்குப் போகிறது, கலேவெல வயலுக்குக் கடல் கடந்து பசளை வருகிறது. எனக்கு இதைவிட வியப்பான விவசாயச் செய்தி வேறு இல்லை.

பாறையின் பிடிவாதத்தை உடைக்கும் வழிக்கு 1842இலேயே இங்கிலாந்தில் ஜோன் லோஸ் என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டார். கந்தக அமிலத்தை ஊற்றினால் பொஸ்பேட் நீரில் கரையும் உப்பாக மாறும். அதுதான் சுப்பர் பொஸ்பேட். கந்தக அமிலத்துக்குப் பதில் பொஸ்போரிக் அமிலத்தை ஊற்றினால் கிடைப்பது இன்னும் செறிவான டீ.எஸ்.பி. இதை இங்கேயே செய்தால் என்ன என்று யாரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் பொஸ்போரிக் அமிலம் தயாரிக்கும்போது ஒரு தொன் அமிலத்துக்கு ஏறத்தாழ 5 தொன் ஜிப்சக் கழிவு மிஞ்சும் என்பது தெரியுமா? அதை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் தொழிற்சாலை கட்ட வேண்டும்.

இந்தப் பாறைக்காக விவசாயிகள் வழக்காடி வென்றிருக்கிறார்கள், தெரியுமா? ஓர் அமெரிக்கக் கம்பனிக்கு 30 ஆண்டுகாலத்துக்குப் பாறையைத் தோண்டக் கொடுக்கும் ஒப்பந்தம் தயாரானது. எப்பாவலப் பகுதிவாசிகள் ஏழு பேர் உயர் நீதிமன்றம் ஏறினார்கள். வயல் செய்பவர்களோடு கல்கந்த புராண விகாரையின் பிக்குவும் அந்த எழுவரில் ஒருவர். 2000ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் திகதி நீதியரசர் அமரசிங்க தீர்ப்பு எழுதினார்: முழுமையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது! வரப்போகும் தலைமுறைக்கும் இந்த வளத்தில் பங்குண்டு என்று சொன்ன அந்தத் தீர்ப்பை உலகெங்கும் சுற்றாடல் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நீதிமன்றம் கவலைப்பட்டவற்றில் ஜய கங்கையும் ஒன்று. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் கலா வாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு வெட்டிய 87 கிலோமீட்டர்க் கால்வாய் அது. அதன் முதல் 17 மைலில் ஒரு மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு! அது எப்பாவல வழியாகத்தான் ஓடுகிறது.

கம்பனி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நவுறு தீவைப் பாருங்கள். பசுபிக்கில் 21 சதுர கிலோமீட்டர்ப் புள்ளி. அங்கிருந்து கொண்டுவந்த கல்லொன்று சிட்னி அலுவலகம் ஒன்றில் கதவு சாத்தாமல் முட்டுக்கொடுக்கக் கிடந்தது. அல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தார், உயர்தரப் பொஸ்பேட்! அப்புறம் தீவின் நடுப்பகுதி முழுக்கத் தோண்டித் தீர்த்துவிட்டார்கள்.

சரி, பொஸ்பரஸ் நமக்குள்ளே எவ்வளவு இருக்கிறது, தெரியுமா? வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 700 கிராம். அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். பல்லின் எனாமல் எப்பாவல அப்பற்றைட்டுக்கு நெருங்கிய உறவு. புளிப்புப் பட்டால் பல் அரிப்பதும் அதே இரசாயனம்தான். மரபணுவின் முதுகெலும்பிலும் பொஸ்பேட்தான் கோத்திருக்கிறது. 1669இல் ஹம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் தங்கம் தேடிச் சிறுநீரைக் காய்ச்சியபோது இருட்டில் ஒளிர்ந்த தனிமமும் இதுவே. தீப்பெட்டியில் இருப்பதும் இதுதான், ஆனால் குச்சியில் இல்லை. உரசும் பக்கப்பட்டையில் சிவப்புப் பொஸ்பரசாக!

மறுபடி வெங்காயப் பாத்திக்கு வாருங்கள், இன்னும் பெரிய அதிசயம் அங்கே இருக்கிறது. சிறுபோகத்தில் நட்ட ஒரு வெங்காயச் செடியை மண்ணோடு பெயர்த்துக் கழுவிப் பாருங்கள். கிளை விடாத வெள்ளை வேர்கள் கொஞ்சம், வேர்மயிர் அநேகமாக இல்லை, ஆழமும் இல்லை. பொஸ்பேட்டோ மண்ணில் விழுந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது. இந்த ஏழை வேர் எப்படிச் சாப்பிடுகிறது? வேருக்குள் குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சணம் தலைமயிரைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நெடுந்தூரம் நீட்டிப் பொஸ்பேட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கூலியாகச் செடி அதற்குச் சீனி கொடுக்கிறது! பொஸ்பேட் பசளையை அளவுக்கு மேல் கொட்டினால் செடி இந்தப் பூஞ்சணத்தை வளரவிடுவதில்லை. காசும் போய், இலவச வேலைக்காரனும் போய்விடுகிறான்.

மிஞ்சியது மண்ணோடு ஒட்டிக்கொண்டு மழையில் கழுவுண்டு போகும். கலேவெலப் பக்கத்து ஓடைகள் கலா ஓயா வழியே கலா வாவிக்குப் போகின்றன. குளத்து நீரில் பொஸ்பேட் கூடினால் பாசி பெருகும், பாசி அழுகினால் நீரில் ஒட்சிசன் குறையும், மீன் சாகும். அங்கிருந்து ஜய கங்கையில் இறங்கும் நீர் எப்பாவலப் பாறை பக்கமாகவே போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்!

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது மூட்டைக்கு விவசாயி பட்ட பாடு நாம் கண்டதே. பொஸ்பரசுக்கு மாற்று எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது, அது தனிமம். உலகக் கையிருப்பில் பெரும்பங்கு மொரோக்கோவின் கையில். ஆகவே அடுத்த போகத்துக்கு டீ.எஸ்.பி. மூட்டையைத் தூக்கும் முன், வயலின் நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மண்ணில் பொஸ்பரஸ் ஏற்கெனவே போதுமென்று முடிவு வந்தால், அந்த மூட்டையை வாங்காதீர்கள்.