நம்பிக்கை, மனஉறுதி, உடற்பயிற்சி: நோயாளியை மீட்பது எது?

புதுதில்லி: மாரடைப்பிலிருந்து உயிர் பிழைத்தவருக்கு, மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகுதான் இரண்டாவது போராட்டம் தொடங்குகிறது. மாடிப்படி ஏறலாமா, வேலைக்குத் திரும்பலாமா, வேகமாக நடந்தால் மீண்டும் வலி வருமா என்ற அச்சம் அவரையும் குடும்பத்தாரையும் வாட்டுகிறது. அந்த அச்சத்தாலேயே வீட்டுக்குள் முடங்குவோர் ஒருபுறம். மூச்சுப் பயிற்சியே போதும் என்று நம்பி மாத்திரைகளைக் கைவிடுவோர் மறுபுறம். இரு சாராருமே ஆபத்தை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

நோய் தீர நம்பிக்கை எவ்வளவு உதவும்? மனஉறுதியின் பங்கு என்ன? உடற்பயிற்சி செய்வது எது? மேடைகளில் எளிதாக விடை சொல்லப்படும் இக்கேள்விகளுக்கு, இந்தியாவிலேயே நடைபெற்ற சில ஆய்வுகள் நிதானமான விடையைத் தந்துள்ளன.

24 மருத்துவமனைகளில் ஆய்வு

மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பயிற்சிக் கருவிகளும் தேர்ந்த பணியாளர்களும் தேவை. இந்திய மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இல்லை. அதற்கு மாற்றாக யோகப் பயிற்சி உதவுமா என்பதை அறிய, தில்லியில் பணிபுரியும் இதயநோய் நிபுணர் டி. பிரபாகரனும் லண்டன் பேராசிரியர் சஞ்சய் கின்ராவும் தலைமையேற்ற குழு, நாட்டின் 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இதற்கு நிதியளித்தன.

ஒரு பிரிவினருக்கு, வழக்கமான சிகிச்சையுடன் ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவை அடங்கிய 13 வகுப்புகள் மூன்று மாதங்களில் நடத்தப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் அறிவுரை வகுப்புகள் மட்டும் தரப்பட்டன. எந்தப் பிரிவிலும் மருந்து நிறுத்தப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2020-ல் வெளியான முடிவுகள் யோகத்தின் ஆதரவாளர்களையும் எதிர்ப்பாளர்களையும் ஒருசேர யோசிக்க வைப்பவை. ஏறத்தாழ 22 மாத கால அளவில் மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், அவசர மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தித்தோர் யோகப் பிரிவில் 6.7 சதவீதம்; மற்றப் பிரிவில் 7.4 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடாகக் கொள்ளத்தக்கதன்று. ஆனால், தம் உடல்நிலை பற்றிய நோயாளிகளின் சொந்த மதிப்பீட்டிலும், மாரடைப்புக்கு முன்பு செய்துவந்த பணிகளுக்குத் திரும்புவதிலும் யோகப் பிரிவினர் முன்னிலையில் இருந்தனர்.

வகுப்புகளில் முக்கால் பங்குக்குமேல் தவறாமல் கலந்துகொண்டவர்களுக்கு மட்டும், மேற்கண்ட பாதிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. அப்படியானால் பயிற்சிதான் அவர்களைக் காத்ததா? அல்லது, தவறாமல் வகுப்புக்கு வரக்கூடிய உடல்நிலையும் மனஉறுதியும் வாய்த்தவர்கள் இயல்பாகவே நலமாக இருந்தார்களா? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தப் புள்ளிவிவரத்தைப் பயன்படுத்துவது நேர்மையாகாது.

மருந்தில்லாத மாத்திரை

இதே புதிர் அமெரிக்காவில் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. மாரடைப்புக்கு ஆளான ஆண்களுக்கு ஒரு கொழுப்புக் குறைப்பு மருந்து தரப்பட்டது. ஒப்பீட்டுக்காக வேறு சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை தரப்பட்டது. 1980-ல் வெளியான முடிவுகளின்படி, வெற்று மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தோர் சுமார் 15 சதவீதம். ஒழுங்கின்றி உட்கொண்டவர்களில் சுமார் 28 சதவீதம். உண்மையான மருந்தைப் பெற்றவர்களிடமும் ஏறத்தாழ இதே போக்கு காணப்பட்டது.

வெற்று மாத்திரை உயிர் காக்காது. ஒரு காரியத்தை நாள் தவறாமல் செய்யும் மனிதரின் உணவும் உறக்கமும் நடையும் மருத்துவரைச் சந்திக்கும் வழக்கமும்கூட ஒழுங்காக இருக்கக்கூடும் என்பதே இதற்குத் தரப்படும் முக்கிய விளக்கம். மனஉறுதி நேராக இரத்தக் குழாய்க்குள் சென்று வேலை செய்வதில்லை. அன்றாடச் செயல்களின் வழியாகவே அது உடலை எட்டுகிறது.

நம்பிக்கையின் பங்கும் இத்தகையதே. வலி, சோர்வு, குமட்டல் போன்றவற்றை மனத்தின் எதிர்பார்ப்பு கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்பதை மருத்துவம் ஏற்கிறது. ஆனால் இதயக் குழாயின் அடைப்பையோ புற்றுநோய்க் கட்டியையோ நம்பிக்கை கரைத்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை. "நடந்தால் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை நோயாளியை எழுந்து நிற்க வைக்கிறது. அதன்பின் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதும், தசைகள் சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளச் செய்வதும் நடையின் வேலை.

சென்னை தந்த பாடம்

நாடு முழுவதும் 1.13 லட்சம் பேரிடம் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10.1 கோடி பேர்; நோயின் விளிம்பில் நிற்போர் 13.6 கோடி பேர். விளிம்பில் நிற்போரைத் தடுத்து நிறுத்த முடியுமா என்ற வினாவுக்குச் சென்னையில் விடை கிடைத்தது.

நீரிழிவு நிபுணர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு இத்தகைய 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்தது. 2006-ல் வெளியான முடிவுகளின்படி, பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அன்றாட நடைக்கும் தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரை உட்கொண்டவர்களிடம் கிடைத்த பயனும் ஏறத்தாழ இதே அளவுதான்.

இதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வேலைக்குச் செல்லும் 537 ஆண்கள் பங்கேற்றனர். உணவு, உடற்பயிற்சி பற்றிய நினைவூட்டல்கள் கைப்பேசிக் குறுஞ்செய்திகளாக அனுப்பப்பட்டவர்களில் 18 சதவீதத்தினரும், அனுப்பப்படாதவர்களில் 27 சதவீதத்தினரும் இரண்டு ஆண்டுகளில் நீரிழிவுக்கு ஆளாயினர். மனஉறுதி என்பது பிறவிக் குணம் மட்டுமன்று, துணை கிடைத்தால் வளரக்கூடியது என்பதை இது காட்டுகிறது.

சட்டம் வகுத்த எல்லை

நோயாளியின் நம்பிக்கை வணிகச் சரக்காகவும் ஆகக்கூடும் என்பதை நாடாளுமன்றம் 1954-லேயே உணர்ந்திருந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்துக்கு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியதும், அந்நிறுவனம் பத்திரிகைகளில் பகிரங்க மன்னிப்பு வெளியிட்டதும், மன்னிப்பை ஏற்று அவமதிப்பு நடவடிக்கையை நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் முடித்ததும் நினைவுகூரத்தக்கவை.

மருந்துடன் சேரும்போது நம்பிக்கை துணைவன். மருந்தின் இடத்தில் அமரும்போது அது எமன்.

நடப்பதற்கு இடம் எங்கே?

சர்வதேச யோகா தினத்துக்கான தீர்மானத்தை 177 நாடுகளின் ஆதரவுடன் 2014 டிசம்பரில் ஐ.நா. சபையில் இந்தியா நிறைவேற்றியது. 2015 ஜூன் 21-ல் அன்றைய ராஜபாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் ஆசனம் செய்து சாதனை படைத்தனர். 2019-ல் "ஃபிட் இந்தியா" இயக்கமும் தொடங்கப்பட்டது. எனினும், இந்தியாவில் வயது வந்தோரில் போதிய உடலுழைப்போ பயிற்சியோ இல்லாதோர் 2000-ல் சுமார் 22 சதவீதமாக இருந்து, 2022-ல் ஏறத்தாழ 50 சதவீதமாக உயர்ந்துவிட்டதாக 2024-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. பெண்களில் இது 57 சதவீதம். ஆண்களில் 42 சதவீதம்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட இயலாது. விடிகாலையிலும் அந்தி சாய்ந்த பின்னும் தனியே நடக்கப் பெண்கள் அஞ்சும் தெருக்கள், கடைகளும் வாகனங்களும் விழுங்கிவிட்ட நடைபாதைகள், மழலையர் முதல் முதியோர் வரை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் தில்லியின் குளிர்கால நச்சுக்காற்று ஆகியவற்றை மனஉறுதியால் மட்டும் வெல்ல இயலாது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தெரிவித்தது.

பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு கூறுகிறது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசைக் கைகாட்டி மாநிலங்கள் ஒதுங்கிவிட முடியாது; நடைபாதையும் பூங்காவும் உள்ளாட்சிகளின் பொறுப்பில் வருபவை. அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வோர் இதய நோயாளிக்கும் மாத்திரைச் சீட்டுடன் ஒரு பயிற்சித் திட்டமும், "இன்று நடந்தீர்களா?" என்று விசாரிக்க ஒரு சுகாதாரப் பணியாளரும் கிடைத்தால், அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நம்பிக்கை ஊட்டும் உரைகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. அந்த நம்பிக்கையுடன் வெளியே வருபவர் கால் பதிக்க நடைபாதைதான் வேண்டும்.