கப்பல் நிற்கும் பதினொரு மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சொகுசுக் கப்பல்ல வர்றோம்ப்பா. காலையில ஏழு மணிக்குக் கொச்சி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிடும். நடுவுல மூணாறு வந்து உங்களையெல்லாம் பாத்துட்டுப் போயிடறோம். 130 கிலோமீட்டர்தானே?" மூணாறில் இருக்கும் நீங்கள் 'வாங்க' என்பீர்களா, 'வேண்டாம்' என்பீர்களா? இந்தச் சின்னக் கேள்விக்குள் ஒரு புவியியல் பாடம், ஒரு கணக்கு, ஒரு பறவை மூன்றும் ஒளிந்திருக்கின்றன.

முதலில் கப்பல் நிற்கும் இடம். 2021இல் திறந்த சாகரிகா பயணியர் முனையம் வில்லிங்டன் தீவில் இருக்கிறது. அந்தத் தீவின் பெரும்பகுதி கடவுள் படைத்ததல்ல. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது, தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. கப்பலுக்கு வழிவிட அள்ளிய சேறுதான் இன்று கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் கால் வைக்கும் தரை.

அடுத்து, தூரம் என்றால் என்ன? 1881இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் விசித்திரமான ஓர் உலக வரைபடம் போட்டார். லண்டனிலிருந்து பத்து நாளில் போகக்கூடிய ஊர்களுக்கு ஒரு நிறம், இருபது நாளில் போகக்கூடியவற்றுக்கு வேறொரு நிறம். மைலுக்கு அதில் வேலையே இல்லை. ஒரே நேரத்தில் சென்றடையும் இடங்களை இணைக்கும் இத்தகைய கோட்டைச் 'சமநேரக் கோடு' எனலாம்.

கொச்சியை நடுவில் வைத்து அப்படியொரு கோடு வரையுங்கள். கல்லில் வார்த்த தோசைபோல வட்டமாக வராது. கைதவறி இழுத்த தோசைபோல ஒரு பக்கம் நீளும். பாலக்காடு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம். மூணாறு 130, அதற்கோ நான்கு மணி நேரம். பத்து கிலோமீட்டர் கூடுதலாக இருக்கும் ஊர் அரை மணி நேரம் கிட்டத்தில் இருக்கிறது! காரணம் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாக விழுந்த இடைவெளி, பாலக்காட்டுக் கணவாய். கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான் உயரம். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல்.

மலைப்பாதை இன்னொரு தந்திரமும் செய்கிறது. கொச்சியிலிருந்து நேரியமங்கலம் வரை ஏறக்குறைய பாதித் தூரம், சமவெளி. ஒன்றரை மணி நேரம். அங்கே பெரியாற்றின் மேல் 1935இல் கட்டிய குறுகலான வளைவுப் பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம். மீதிப் பாதிக்கு இரண்டரை மணி நேரம். சமவெளியில் மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர், மலையில் 26. சராசரி 34, 35 இருக்கும் என்று மனம் சொல்லும். கணக்கோ 32.5தான் என்கிறது. மெதுவாகப் போகும் பாதி அதிக நேரத்தைத் தின்றுவிடுவதால், சராசரியும் அதன் பக்கமே சாய்கிறது.

இப்போது சித்தப்பாவின் பதினொரு மணி நேரத்தைப் பிரிப்போம். சோதனைகள் முடித்து வெளியே வர ஒரு மணி நேரம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கப்பலுக்குள் இருந்துவிடுவது நல்லது. மிச்சம் ஒன்பது. மூணாறு போய்வர எட்டு. கையில் நிற்பது ஒன்று. பாலக்காடு என்றால் ஏழு போக இரண்டு. ஹைதர் அலி கட்டிய கோட்டையை ஒரு சுற்று சுற்றலாம். எதிர்க்கரையில் இருக்கும் ஃபோர்ட் கொச்சி போய்வர ஒரே ஒரு மணி நேரம், கையில் எட்டு!

இங்கேதான் பறவை வருகிறது. நம் மைனாவின் உறவுக்காரப் பறவை ஸ்டார்லிங். குஞ்சுகளுக்குப் புழு பொறுக்கும் அதற்கு ஒரு சிக்கல்: அலகு நிறைய நிறைய அடுத்த புழுவைப் பிடிப்பது கடினம். எப்போது நிறுத்திவிட்டுக் கூட்டுக்குத் திரும்புவது? 1976இல் எரிக் சார்னோவ் இதற்கு ஒரு விதி தந்தார். இறுதிநிலை மதிப்புத் தேற்றம் என்று சொல்லலாம். ஓரிடத்தில் இன்னும் ஒரு நிமிடம் நிற்பதால் கிடைப்பது, பயண நேரத்தையும் சேர்த்துப் பார்த்த சராசரி வரவுக்கு இறங்கும்போது கிளம்பிவிட வேண்டும். இதிலிருந்து பிறப்பது: தொலைவு கூடினால் நின்று சேர்க்கும் நேரமும் கூட வேண்டும். 1984இல் அலெக்ஸ் கசெல்னிக் ஸ்டார்லிங்குகளை வைத்துச் சோதித்தார். தூரத்திலிருந்து வந்தவை அதிகப் புழுக்களைச் சேர்த்துக்கொண்டே திரும்பின.

கப்பல் பயணி செய்வதோ இதற்கு நேர் எதிர். தூரமாகப் போகப் போக, அங்கே நிற்கும் நேரம் குறைகிறது. ஸ்டார்லிங் செய்யாத வேலை!

சராசரியை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. கப்பலுக்கு அரை மணி முன்னால் வந்தால் லாபம் ஒரு டீ. அரை மணி பின்னால் வந்தால் கப்பல் கடலில். லாபமும் நஷ்டமும் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது, வழக்கமான நாளை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி பழுதாகி நிற்கும் நாளை வைத்துப் போட வேண்டும். அந்த நாளில் சித்தப்பாவின் ஒரு மணி நேரம் வழியிலுள்ள அடிமாலிக்கு முன்பே கரைந்துவிடும்.

பருவத்தையும் கேளுங்கள். கப்பல்கள் வரும் காலத்திலேயே, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், வரையாடுகள் குட்டி போடுவதால் மூணாறுக்குப் பக்கத்திலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். அங்கே நீலக்குறிஞ்சி அடுத்துப் பூப்பது 2030இல்.

எனவே தீர்ப்பு எளிது. போய்வரும் நேரத்தைவிட அங்கே நிற்கும் நேரம் குறைவு என்றால் அந்த ஊரை விட்டுவிடுங்கள். கிட்டத்தில் இறங்கிச் சுற்றுங்கள். கப்பல் கொச்சியில் இரவு தங்கினால் மட்டும் மூணாறு.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: "நீங்க வர வேண்டாம், நாங்க கீழே வர்றோம்." விடியற்காலை மூணு மணிக்கு வண்டி ஏறினால் ஏழு மணிக்கு ஃபோர்ட் கொச்சியில் இருப்பீர்கள். அங்குள்ள சீன மீன்வலைகளின் பக்கத்தில் அவரோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். திரும்பும் வழியில் லாரி நின்றாலும் கவலையில்லை. உங்களை விட்டுவிட்டுக் கிளம்ப அங்கே கப்பல் எதுவும் இல்லை.