தோட்டத்துப் பிள்ளையும் ஆங்கில இலக்கியமும்

"ஆங்கில இலக்கியம் படித்தால் வேலை கிடைக்குமா, சேர்?"

இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டும் தந்தையொருவர் சென்ற மாதம் என்னிடம் வினவினார். மகளைக் கொழும்பில் உடுப்புக் கடைக்கு அனுப்புவதா, உயர்தர வகுப்பிற்கு அனுப்புவதா என்பதே அவரது கவலை.

கிடைக்கும், ஆனால் உடனே அன்று என்றேன். 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலைகள் எழுத்தும் கணக்கும் தவிர அதிகம் கற்பித்ததில்லை. ஆங்கிலம் நகரத்துக் கல்லூரிகளின் சொத்தாயிருந்தது. ஆசிரியரில்லாமையால் மாணவரில்லை, மாணவரில்லாமையால் ஆசிரியரில்லை. இவ்வட்டத்தை எவரேனும் உடைத்தாக வேண்டுமன்றோ?

பட்டம் பெறப் பேராதனைக்கே செல்ல வேண்டுமென்பதில்லை. அவர்தம் மாவட்டத்திலேயே, பெலிஹுலோயாவில், 1995இல் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. அங்கும் ஆங்கிலம் பாடமாக உண்டு.

மொழி போதாதா, இலக்கியம் எதற்கு என்றும் கேட்டார். நல்ல கேள்வி! 1914இல் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கியமையால் அன்றோ தமிழறியாதோரும் அதனை உணர்ந்தனர்? கடிதம் எழுத இலக்கணம் போதும். அவ்வாறு எழுத அது போதாது.

வரும் சனிக்கிழமை முதற் பாடம். மகளோடு தாமும் வந்து விறாந்தையில் அமர்ந்திருக்கலாமா என்று கேட்டுச் சென்றார்.